ஜல்சேனா மாமாவின் படத்தை மாட்டலாமா?

கேட்டவர், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்காரர். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்திறங்கிய நவம்பர் 16-ஐ ஒட்டி அவர்கள் பகுதிக் கூடத்தில் படக் கண்காட்சி வைக்கிறார்களாம். அதில் ஒரு சுவருக்கு 'போர்க்களத்தில் நம் தியாகிகள்' என்று பெயர். அந்தச் சுவருக்கு அவர் இரண்டு படம் கொடுத்திருக்கிறார். ஒன்று அப்பாவழித் தாத்தா. இரண்டாம் உலகப் போரில் லாரி ஓட்டி, வட ஆப்பிரிக்காவில் டோப்ருக்கில் பிடிபட்டவர். மற்றது அம்மாவின் தம்பி. 1980-களில் தென்னாப்பிரிக்கக் கடற்படையில் இந்தியர்களுக்கென்று இருந்த ஜல்சேனாவில் சேர்ந்து, வேலையில் இருக்கும்போதே விபத்தில் போனவர். தாத்தா படத்தை வாங்கிக்கொண்ட கமிட்டி, மாமா படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கமிட்டியில் ஒரு பெரியவர் அந்தக் காலத்து யுடிஎஃப் ஆள், அதாவது நிறவெறியை எதிர்த்த முன்னணியில் இருந்தவர். "நிறவெறிச் சேனையின் சட்டையைப் போட்டவனுக்கு இங்கே இடமில்லை" என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஆயா, மாமாவைப் பெற்றவர், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கொடுங்கோல் அரசின் கீழ் வேலை பார்த்தவனின் சாவுக்கு மரியாதை செய்வது தப்பா என்பது கேள்வி.

என் பதில்: படத்தை மாட்டலாம், மாட்டவும் வேண்டும். பெரியவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அந்த நியாயமும் சுவரில் ஏற வேண்டும். எப்படி என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பழங்கதை பேசியாக வேண்டும். இந்தச் சிக்கல் உங்கள் மாமாவோடு வந்ததில்லை. இந்த மண்ணில் நம்மவர் ராணுவத்துக்குத் தோள் கொடுத்த முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

1899-இல் பிரிட்டிஷாருக்கும் டச்சு வழி வெள்ளையரான போயர்களுக்கும் போர் வந்தபோது, டர்பன் இருக்கும் நடாலில் காந்தி பிரிட்டிஷார் பக்கம் ஆம்புலன்ஸ் படை ஒன்று திரட்டினார். சுமார் 1,100 பேர். அவர்களில் 300 பேர்தான் ஒப்பந்தத்தில் கட்டுப்படாதவர்கள். மற்ற 800 பேர் தோட்ட முதலாளிகள் அனுப்பி வைத்த ஒப்பந்தக் கூலிகள். கோலென்சோவிலும் ஸ்பியன் கோப்பிலும் அடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரில் போட்டு, ஒரே நாளில் 20, 25 மைல்கூடத் தூக்கி நடந்தார்கள். படையை முன்நின்று நடத்திய 37 பேருக்குப் பதக்கம் கிடைத்தது. தூக்கிச் சுமந்த கூலிகள் கரும்புக் காட்டுக்குத் திரும்பினார்கள். தன் மனம் போயர்கள் பக்கமே சாய்ந்திருந்தது என்று காந்தியே பிறகு எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் குடிமகனுக்குரிய உரிமையைக் கேட்கிறவன் அதற்குரிய கடமையையும் செய்ய வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. போர் முடிந்தது, உரிமை மட்டும் வரவில்லை.

அதைவிடச் சங்கடமானது 1906. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியனுக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி என்று 1895-இல் சட்டம் போட்ட அதே நடால் அரசு, ஜூலு ஆண்கள் தலைக்கு 1 பவுன் கட்ட வேண்டும் என்று புது வரி போட்டது. பம்பாதா என்ற தலைவர் மறுத்துக் கிளம்பினார். அரசு படையை அனுப்பியது. 3,000-க்கும் மேற்பட்ட ஜூலுக்கள் செத்தார்கள். காந்தி மறுபடி ஸ்ட்ரெச்சர் படை ஒன்று அமைத்தார், இந்த முறை 24 பேர். அவர்கள் யார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்: நாலு குஜராத்தி, ஒரு பட்டாணி, மற்ற எல்லாரும் ஒப்பந்தம் முடித்த தென்னிந்தியர்கள். அதாவது பெரும்பாலும் நம் ஆட்கள். வரி கொடுக்க மறுத்தவனை வேட்டையாடிய படையில், அதே அரசு போட்ட வேறொரு வரியால் அல்லாடிய சமூகத்து ஆட்கள்.

களத்துக்குப் போய் அவர்கள் செய்த வேலை என்ன? சாட்டையடியில் முதுகு கிழிந்து, சீழ் வைத்துக் கிடந்த ஜூலுக்களின் புண்ணைக் கழுவிக் கட்டியதுதான் பெரும்பகுதி. வெள்ளைக்கார நர்சுகள் அதைத் தொடத் தயாராக இல்லை. பக்கத்தில் வேலிக்கு அந்தப்புறம் நின்ற சிப்பாய்கள், அந்தப் புண்ணுக்கு எதற்கு மருந்து என்று ஏசினார்கள். இது போரில்லை, மனித வேட்டை என்று காந்திக்கு அங்கேதான் உறைத்தது.

இந்த 24 பேரை எந்தச் சுவரில் மாட்டுவீர்கள்? சட்டை கொடுங்கோலனுடையது, சம்பளமும் அவனுடையது, கை மட்டும் அடிபட்டவன் முதுகில். ஆனால் ஆம்புலன்ஸ் படைப் படம் என்று வந்தால் எந்தக் கமிட்டியும் யோசிப்பதில்லை. தொப்பியும், கையில் சிலுவைப் பட்டையுமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பழைய படம் எல்லா இந்தியர் கண்காட்சியிலும் தவறாமல் தொங்கும். நடுவில் காந்தி இருக்கிறார், அது போதும் நமக்கு. அவர் இல்லாவிட்டால் அந்தப் படமும் திரும்பி வந்திருக்கும் என்பது என் ஊகம்.

கறுப்பர்கள் கதை இன்னும் கொடுமை. அவர்களைச் சொந்த நாட்டிலேயே நிலம் வாங்க விடாமல் செய்த 1913 நிலச் சட்டத்தைப் போட்ட அரசு, மூன்றே வருஷத்தில் பிரான்சுக்கு வேலையாள் வேண்டும் என்று அவர்களிடமே வந்து நின்றது. துப்பாக்கி கிடையாது, மண்வெட்டிதான். 1917 பிப்ரவரி 21 அன்று மெண்டி கப்பல் ஆங்கிலக் கால்வாயில் இன்னொரு கப்பல் மோதி மூழ்கியது. 600-க்கும் மேற்பட்ட கறுப்பர்கள் போனார்கள். செய்தி கேட்டு நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். ஆனால் அந்தத் தொழிலாளர் படைக்குப் போர்ப் பதக்கம் கொடுக்கக் கூடாது என்று தடுத்ததும் அதே அரசுதான். இன்று பிப்ரவரி 21 இந்நாட்டின் ஆயுதப் படை நாள். முதல் உலகப் போரில் இறந்து கல்லில் பெயரில்லாமல் போன 1,700-க்கும் மேற்பட்ட கறுப்புத் தொழிலாளர்களுக்குக் கேப்டவுன் கம்பெனி தோட்டத்தில் நினைவிடம் திறக்க 2025 வரை ஆனது.

இப்போது உங்கள் தாத்தா. கமிட்டி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட அதே தாத்தா. அவர் இருந்த இந்திய-மலாய் படைக்கு ஆயுதம் தரப்படவில்லை. லாரி ஓட்டலாம், சமைக்கலாம், ஸ்ட்ரெச்சர் தூக்கலாம். சுடுவது வெள்ளைக்காரனுக்கு மட்டும் என்பது அன்றைய பிரதமர் ஸ்மட்ஸ் அரசின் விதி. 1942 ஜூன் 21 அன்று டோப்ருக் விழுந்து, 10,000-க்கும் மேற்பட்ட தென்னாப்பிரிக்கர்கள் ஒரே நாளில் கைதானார்கள். அவர் கம்பி வேலிக்குள் இருந்த 1943-இல், டர்பனில் வெள்ளையர் பகுதியில் இந்தியன் வீடு வாங்கக் கூடாது என்று அவருடைய அரசே சட்டம் போட்டது. 1946-இல் அதை இன்னும் இறுக்கினார்கள். அதை எதிர்த்து நம்மவர்கள் அம்பிலோ ரோடு முனையில் காலி மனையில் கூடாரம் அடித்து உட்கார்ந்து, கிட்டத்தட்ட 2,000 பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தச் சமயத்தில் தாத்தா ஊர் திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். அவர் காலத்திலேயே டாக்டர் யூசுஃப் தாது போன்ற இந்தியத் தலைவர்கள், நம்மை மனிதனாக மதிக்காத அரசின் போரில் நமக்கென்ன வேலை என்று பேசி ஜெயிலுக்குப் போனார்கள். ஹிட்லர் சோவியத் மீது பாய்ந்த பிறகு தாதுவே போரை ஆதரித்தார் என்பது வேறு கதை.

ஆகவே 'அரசு கொடுங்கோல் அரசா' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் உங்கள் தாத்தாவும் உள்ளே போக முடியாது. ஆம்புலன்ஸ் படையும் போக முடியாது. சுவரே காலியாகிவிடும். 1994-க்கு முன்பு இந்நாட்டில் வெள்ளையரல்லாத எந்தச் சிப்பாய்க்கும் நல்ல அரசு என்று ஒன்று வாய்க்கவில்லை.

அப்படியானால் தாத்தாவும் மாமாவும் ஒன்றா என்று பெரியவர் கேட்பார். ஒன்றில்லை. இந்த இடத்தில் நான் அவர் பக்கம். தாத்தாவின் அரசு வீட்டில் கொடுமைக்காரன், ஆனால் அவரை அனுப்பிய போர் ஹிட்லருக்கும் முசோலினிக்கும் எதிரான போர். மாமா இருந்த சேனை நடத்திய போர், அந்த வீட்டுக் கொடுமையைக் காப்பாற்றுவதற்கான போர். 1966 முதல் 1989 வரை நமீபியாவிலும் அங்கோலாவிலும் நடந்ததை 'எல்லைப் போர்' என்று அழகாகப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். 1978-இல் அங்கோலாவின் கசிங்காவில் ஒரே நாளில் சுமார் 600 பேர் செத்தார்கள், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு. 1984 அக்டோபரில் அந்தச் சேனை எல்லையை விட்டு உள்ளே வந்தது. செபோகெங் என்ற கறுப்பர் குடியிருப்பில் சுமார் 7,000 சிப்பாய்களும் போலீசும் வீடு வீடாகப் புகுந்தார்கள். பெரியவர் கண்ணுக்கு அந்தச் சட்டையின் நிறம் மறந்திருக்காது.

இன்னொரு கனமான விஷயமும் உண்டு. வெள்ளைக்காரப் பையன்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை. மறுத்தால் ஆறு வருஷம் வரை ஜெயில்; 1988-இல் டேவிட் புரூஸ் என்ற இளைஞருக்கு அந்த முழுத் தண்டனையே கிடைத்தது. நம்மவருக்குக் கட்டாயம் கிடையாது. டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் 1970-களின் நடுவில் இந்தியர்களுக்கென்று அமைந்த ஜல்சேனாவில் இருந்தவர்கள் எல்லாரும் தாங்களாகவே சேர்ந்தவர்கள். அந்தத் தீவுக்கே ஒரு தலையெழுத்து. 1961-இல் இந்தியர்களுக்கான தனிப் பல்கலைக்கழகக் கல்லூரியை அரசு அங்கேதான் திறந்தது. கடற்படை காலி செய்த பழைய பாரக்குகளில் வகுப்பு. பையன்களும் பெண்களும் ஃபெர்ரி ஏறிப் படிக்கப் போனார்கள். கல்லூரி வெஸ்ட்வில்லுக்குப் போனதும் அதே தீவில் இந்தியப் பையன்களுக்குக் கடற்படைச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். படிப்பாகட்டும், துப்பாக்கியாகட்டும், நமக்கென்று ஒதுக்கிய மூலை அதுதான்.

1983-இல் வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று ஆளுக்கோர் அவை, கறுப்பர்களுக்கு எதுவுமில்லை என்ற மூன்று அவை நாடாளுமன்றத் திட்டம் வந்தபோது, இன்று ஓட்டு கொடுப்பவன் நாளை பிள்ளையை ராணுவத்துக்குக் கேட்பான் என்று நம் தெருக்களில் பேசினார்கள். 1984 ஆகஸ்ட் 28 அன்று இந்தியர் அவைக்குத் தேர்தல் நடந்தது. பதிவு செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். ஊரே வேண்டாம் என்று சொன்ன காலத்தில் ஒருவன் போய்ச் சேர்ந்தான் என்றால் தெருவில் அவன் காதில் என்ன விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏன் சேர்ந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. மாதச் சம்பளம், தொழில் கற்க ஒரு வழி, கடல் மேல் ஆசை, வீட்டில் அப்பாவோடு சண்டை: பத்தொன்பது வயதுப் பையன் எதற்காகவும் கையெழுத்துப் போடுவான். அதனால் பொறுப்பு கழுவிப் போய்விடாது. ஆனால் அன்று நாட்டை ஆண்ட பி. டபிள்யூ. போத்தாவின் பாவக் கணக்கை அவன் தலையில் எழுதுவதும் முறையில்லை.

நாடு இதற்கு என்ன வழி கண்டது என்று பார்த்தால், ஒரே வழி காணவில்லை. பிரிட்டோரியாவில் சால்வகோப் குன்றின் மேல் ஃப்ரீடம் பார்க் இருக்கிறது. விடுதலைக்காக உயிர் விட்டவர்கள், இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்கள் என்று பெயர்ச் சுவர் நீண்டு போகிறது. அங்கோலாவில் இறந்த கியூபாக்காரர்கள் பெயர்கூட உண்டு. நிறவெறிச் சேனையில் இறந்தவர்கள் பெயர் இல்லை. அதனால் 2007-இல் பெரிய சண்டை. பெயர் விடுபட்டவர்களுக்காகச் சிலர் பூங்காவுக்கு ஏறும் பாதையிலேயே எதிர்க் கல் ஒன்று நட்டார்கள். 2009-இல் எதிர்க் குன்றில் போயர் முன்னோருக்கென்று உள்ள ஃபூர்ட்ரெக்கர் நினைவிடத்தில் அந்தச் சேனைக்காரர்களுக்கென்று தனிச் சுவர் எழுந்தது. 2011-இல் இரண்டு குன்றுக்கும் நடுவே ஒரு ரோடு போட்டு 'நல்லிணக்கச் சாலை' என்று பெயர் வைத்தார்கள். அதே 2011-இல் வந்த முன்னாள் படையினர் சட்டமோ யாரையும் பிரிக்கவில்லை. 1960 முதல் 1994 வரை விடுதலைப் போரில் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் முன்னாள் படையினர்தான். ஆக, உதவி கொடுக்கும்போது எல்லாரும் ஒன்று. பெயர் வெட்டும்போது ஆளுக்கொரு குன்று.

எனக்கு இதில் குறை தெரியவில்லை. ஃப்ரீடம் பார்க் விடுதலைக்காக எழுப்பிய இடம். விடுதலையைத் தடுக்க அனுப்பப்பட்டவன் பெயரை அங்கே வெட்டினால், அந்தச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் பெயர்களுக்கு அர்த்தம் கெட்டுவிடும். அதற்காக அவனுக்கு வேறெங்குமே கல் கூடாது என்று சொல்ல முடியாது. எந்த இடம், யார் அழைக்கும் இடம், என்ன தலைப்பு என்பதில்தான் பாதிச் சண்டை தீர்கிறது. உங்கள் கூடத்திலும் வினையே அந்தத் தலைப்பில்தான். 'தியாகிகள்' என்று எழுதிவிட்டு அதன் கீழ் மாமாவை மாட்டினால் பெரியவர் கோபப்படத்தான் செய்வார். சாட்ஸ்வொர்த்துப் பையன் லென்னி நாயுடு 1988 ஜூனில் பீட் ரெட்டீஃப் அருகே பாதுகாப்புப் போலீஸ் பதுங்கியிருந்து சுட்டதில் செத்தார். ஏஎன்சியின் ஆயுதப் பிரிவான எம்கே ஆள். அவரும் மாமாவும் ஏறக்குறைய ஒரே தலைமுறை, ஒரே ஊர். ஒருவரைக் கொன்ற அரசுக்கு மற்றவர் வேலை பார்த்தார். இரண்டு படத்தையும் ஒரே மாலைக்குள் போட்டால் லென்னி வீட்டு ஆட்களுக்கு எப்படி இருக்கும்?

அதே சமயம் பெரியவரிடம் ஒன்று கேட்பேன். ஈழத்தில் போர் முடிந்ததும் துயிலும் இல்லங்களைப் புல்டோசர் விட்டுத் தரைமட்டமாக்கியபோது இங்கே டர்பனில் இருந்த நமக்கும் வயிறு எரிந்தது. செத்தவன் எந்தப் பக்கமானாலும் பெற்றவள் விளக்கேற்ற ஓர் இடம் வேண்டும் என்றுதானே அன்று பேசினோம்? அங்கே உருவிய கற்களில் இருந்தவர்கள் செய்ததெல்லாம் சரி என்று நாம் எல்லாரும் நினைத்ததால் அப்படிப் பேசவில்லை. ஆயா வீட்டில் படையல் போடுவதற்கு எந்தக் கமிட்டி அனுமதியும் வேண்டாம், அது தெரிந்ததுதான். பொதுச் சுவரில் பையன் முகமே இருக்கக் கூடாது என்றால், அந்தப் பையன் இந்தச் சமூகத்தில் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. அது பொய். கண்காட்சியில் பொய் இருக்கக் கூடாது.

நம் பழைய நடுகல் வழக்கத்தைப் பாருங்கள். ஆநிரை கவர்ந்து வரப் போய்ச் செத்தவனுக்கும் கல், மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல். செங்கம் பக்கத்துக் கற்களில் எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், பேர் என்ன, மாடு கொள்ளப் போனானா மீட்கப் போனானா, எல்லாம் ஒரே மூச்சில் எழுதியிருக்கும். புகழ்ச்சி கொஞ்சம், தகவல் முழுசு. படிக்கிறவன் மனசில் எடை போட்டுக்கொள்ளலாம். நமக்கு இன்று வேண்டியது அந்த மாதிரி எழுத்துத்தான்.

தலைப்பை 'போர்களில் நம்மவர், 1899–1994' என்று மாற்றச் சொல்லுங்கள். ஒரே வரிசையாக இல்லாமல் போர்வாரியாகப் பிரித்து மாட்டட்டும். போயர் போர், பம்பாதா, இரண்டு உலகப் போர்கள், அப்புறம் விடுதலைப் போர். கடைசிப் பகுதியில் எம்கே ஆட்களுக்கு ஒரு பலகை, ஜல்சேனாவுக்கு ஒரு பலகை, எதிரெதிரே. மாமா படத்துக்குக் கீழே இப்படி எழுதலாம்: "தென்னாப்பிரிக்கக் கடற்படை, ஜல்சேனா, சாலிஸ்பரி தீவு. தானாகச் சேர்ந்தார். தன் இனத்துக்குச் சம உரிமை தராத அரசின் படையில் பணியாற்றினார். அப்போது அந்தப் படைகள் நமீபியாவிலும் அங்கோலாவிலும் இந்நாட்டுக் குடியிருப்புகளிலும் நிறவெறி ஆட்சிக்குக் காவல் நின்றன. பணியில் இறந்தபோது வயது இத்தனை." அதற்குக் கீழே, ஏன் சேர்ந்தார் என்று ஆயா சொல்கிற ஒரு வரி, அவர் சொன்ன சொல்லிலேயே. 'வீரமரணம்' என்றெல்லாம் வேண்டாம். விபத்தை விபத்து என்றே எழுதுங்கள். 1982-இல் பிரசிடென்ட் க்ரூகர் என்ற போர்க்கப்பல் தன் படையின் டாஃபெல்பெர்க் கப்பலோடு மோதி மூழ்கி 16 பேர் போனார்கள். எதிரி யாரும் சுடவில்லை, ஆனாலும் அந்த 16 வீட்டிலும் இழவு இழவுதான்.

தாத்தா படத்துக்கும் இதே அளவுகோல் வேண்டும். அவருக்கு ஆயுதம் தரப்படவில்லை, அவர் சிறையிருந்தபோது 1943 சட்டம் வந்தது, இரண்டையும் எழுதுங்கள். அதை எழுதாமல் மாமாவுக்கு மட்டும் குறிப்பெழுதினால் ஓரவஞ்சனை. பெரியவரிடம் மறுப்புச் சொல்லாதீர்கள் என்று கெஞ்ச வேண்டாம். செபோகெங் நாட்களில் அவர் கண்ட சேனையைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லி, ஜல்சேனா பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எழுதிக் கொடுக்கிற மனிதர் என்றுதான் எனக்குப் படுகிறது. மறுத்தால் அந்த இடத்தை மற்ற யுடிஎஃப்காரர் ஒருவரிடம் கேளுங்கள், நம் ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

ஒரு வேலை உடனே செய்யுங்கள். மாமா எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தக் கப்பலில் அல்லது எந்தத் தளத்தில் இருந்தார், சாவைப் பற்றி என்ன பதிவானது என்பதற்கு வீட்டுப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகம் பிரிட்டோரியாப் பக்கம் இருக்கிறது. பழைய படையினரின் பணிக் கோப்புகள் அங்கேதான். படை எண், முழுப் பெயர், பிறந்த தேதி, இறப்புச் சான்றிதழ் நகல், நெருங்கிய உறவு என்பதற்கு ஆயாவின் கையெழுத்து, இவ்வளவும் சேர்த்து எழுதிக் கேளுங்கள். தாத்தாவின் கோப்பையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். பதில் வரக் காலம் பிடிக்கும். நவம்பருக்கு வேண்டும் என்றால் இந்த வாரமே தபாலில் போடுங்கள்.